சம்பங்கித் தூரில் பூந்தண்டு வரவழைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் சம்பங்கி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: செடி நன்றாகத்தான் இருக்கிறது, பூக்கத்தான் மாட்டேன் என்கிறது. இலை பச்சைப் பசேலென்று செழித்துத் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். உரம் வைத்தால் இன்னும் செழிக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் காத்திருந்தாலும் ஒரு தண்டு எட்டிப் பார்க்காது. சம்பங்கியைப் பொறுத்தவரை இலையின் செழிப்பு பூவுக்கு உத்தரவாதமில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போதுமான பருமனை எட்டியிருக்கிறதா, அது வளர்வதற்கு இடமும் வெயிலும் கிடைத்திருக்கிறதா என்பவைதான் பூவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் கிழங்கைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

நிலச்சம்பங்கி என்றும் அழைக்கப்படும் இந்தச் செடியின் பூர்வீகம் மெக்சிகோ. நம் ஊர் வேலியோரங்களில் நிற்கும் ஆனைக்கற்றாழையும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவரவியலார் இப்போது சம்பங்கியை அந்தக் கற்றாழையின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பார்வைக்கு உறவு தெரியாவிட்டாலும் நடத்தையில் தெரியும். ஆனைக்கற்றாழை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை தண்டு விட்டுப் பூத்துவிட்டு மடிந்துபோகும். அடியில் பக்கக் கன்றுகள் நிற்கும். சம்பங்கியின் ஒவ்வொரு கிழங்கும் அப்படித்தான் ஒரு முறை மட்டுமே பூக்கும். வாழை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதேயில்லை: தாய் மரம் குலை தள்ளிய பிறகு அதனிடம் மறுபடி குலையை எதிர்பார்ப்பதில்லை, பக்கக் கன்றைத்தான் பார்த்துக்கொள்கிறோம். சம்பங்கித் தூரிலும் அடுத்த பூ பக்கக் கிழங்கிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பக்கக் கிழங்கு பருப்பதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

கிழங்கு வாங்கும்போது

ஒற்றையடுக்குப் பூ, இரட்டையடுக்குப் பூ என்று இரண்டு வகை கிடைக்கும். மாலைக்கும் பூஜைக்கும் உதிரியாகப் பறிப்பது ஒற்றையடுக்கு; வாசனை அதில்தான் கூடுதல். மேடை அலங்காரத்துக்கும் பூச்சாடிக்கும் நீண்ட தண்டோடு வெட்டுவது இரட்டையடுக்கு. அழகுண்டு, ஆனால் வெயில் கடுமையான ஊர்களில் அதன் மொட்டுகள் சில முழுதாக விரியாமலேயே வாடிவிடுவதுண்டு. முதன்முறையாக வளர்ப்பவர் ஒற்றையடுக்கில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்களில் பிரஜ்வல், சிருங்கார் ஆகியவை ஒற்றையடுக்கு, சுவாசினி இரட்டையடுக்கு. பிரஜ்வல் ரகத்தின் மொட்டு முனையில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும்; விரிந்த பின் பூ வெண்மையாகிவிடும். சிருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவை (வேருக்குள் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணிய புழு) ஓரளவு தாங்கும்; கத்தரி, தக்காளி வேரிலும் அந்தப் புழு பெருகும் என்பதால் ஏற்கெனவே அவற்றை வைத்துப் பழகிய மண்ணுக்கு ஏற்றது.

கிழங்கை நாற்றுப் பண்ணையிலும் வாங்கலாம். சத்தியமங்கலம், நிலக்கோட்டை போன்ற சம்பங்கி விளையும் பகுதிகளில் உறவினரோ நண்பரோ இருந்தால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மூன்று ஆண்டு முடிந்து வயலை அழித்துக் கிழங்கு தோண்டும் விவசாயியிடம் கேட்டால், நல்ல பருமனான கிழங்குகளை உங்கள் கண் முன்னாலேயே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் கிழங்கைப் பொறுக்குவது என்பதில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கிழங்கும் 25 முதல் 30 கிராம் எடை இருக்க வேண்டும். குறுக்களவு குறைந்தது 2 சென்டிமீட்டர், 3 இருந்தால் இன்னும் நல்லது. சமையலறைத் தராசில் ஒன்றை நிறுத்துப் பார்த்துவிட்டால் பிறகு கை அளவே போதும். மேல்பக்கம் கூம்பி, நடுவில் பருத்து, அடியில் தட்டையாக முடியும் கிழங்கின் அடித்தட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ புளித்த நெடி அடித்தாலோ அது அழுகத் தொடங்கிவிட்டது. சுண்டு விரல் பருமன்கூட இல்லாத கிழங்குகள் முளைக்கத்தான் செய்யும். ஆனால் முதல் ஆண்டு முழுவதும் மெல்லிய இலையை மட்டும்தான் தரும். விலை குறைவு என்று ஒரு பை நிறையப் பொடிக் கிழங்கு வாங்குபவர்கள் உண்மையில் ஒரு ஆண்டுக் காத்திருப்பை விலைக்கு வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பூத்து முடிந்த தாய்க் கிழங்கையும் சிலர் சேர்த்து விற்றுவிடுவார்கள். கிழங்கின் நடுவில் காய்ந்து பழுப்பேறிய பழைய தண்டின் அடிக்கட்டை தெரிந்தால் அது பூத்து ஓய்ந்த கிழங்கு. அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் பக்கக் கிழங்குகள் பருமனாக இருந்தால் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். நடுவில் உள்ளதால் பயனில்லை.

தோண்டிய உடனே நட்டுவிடக் கூடாது. மண்ணை உதிர்த்து, காய்ந்த வேர்களைக் கத்தரித்து, உதிரும் நிலையில் உள்ள மேல் தோலை மட்டும் நீக்கி, காற்றோட்டமான நிழலில் ஏறத்தாழ 30 நாள்கள் பரப்பி வைக்க வேண்டும். இந்த ஓய்வுக் காலம் கிழங்குக்குத் தேவை. ஓய்வில்லாமல் நட்டவை சீராக முளைப்பதில்லை. கடையில் வாங்கும்போது எப்போது தோண்டியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் நீங்களே இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து நடுவதால் நட்டம் எதுவுமில்லை.

இடமும் மண்ணும்

சம்பங்கிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். இதில் சமரசம் கிடையாது. மாமர நிழலிலும், வடக்குப் பார்த்த பால்கனியிலும், நெருக்கமான இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு இடையிலும் வைத்தால் இலை நீண்டு சாயுமே தவிரத் தண்டு வராது. வந்தாலும் மெலிந்து வெளிச்சத்தை நோக்கி வளைந்துவிடும். மொட்டை மாடி இதற்கு மிகவும் ஏற்ற இடம். ஆனால் சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் தண்டு குட்டையாகி, பூவும் சிறுத்துப்போகும். அந்த இரண்டு மாதங்களுக்குத் தொட்டிகளைச் சூடேறும் தளத்தின் மேல் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்து, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கினால் வேர்ப்பகுதி கொதிக்காது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் இருப்பவர்கள் திறந்தவெளியில் இதற்காக மெனக்கெட வேண்டாம். இது வெதுவெதுப்பான சமவெளியின் செடி.

மண்ணில் நீர் தேங்கக் கூடாது. செம்மண்ணும் வண்டல் கலந்த மண்ணும் நல்லவை. களிமண் நிலமாக இருந்தால் அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, அதில் மணலும் தொழு உரமும் கலந்துகொள்ளுங்கள். தொட்டிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு ஆற்று மணல் அல்லது கழுவிய தேங்காய் நார்க்கழிவு என்ற கலவை போதும். நார்க்கழிவை மட்டுமே நிரப்பி எடை குறைவாக வைத்துக்கொள்ள மாடித் தோட்டக்காரர்கள் விரும்புவது புரிகிறது. ஆனால் மூன்றடி உயரத்துக்குத் தண்டு எழும்பும்போது பிடிமானம் வேண்டும். முழுவதும் நார்க்கழிவாக இருந்தால் ஒரு காற்றுக்கே தூர் சாய்ந்துவிடும்.

12 அங்குலத் தொட்டிக்கு மூன்று கிழங்கு வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் முதல் ஆண்டு பூக்கும், இரண்டாம் ஆண்டு நெருக்கடி வரும். அதைவிடச் சிறிய தொட்டி வேண்டாம்.

நடவு

தமிழ்நாட்டில் நடவுக்கு உகந்த காலம் ஜூன், ஜூலை மாதங்கள். அதாவது ஆனியும் ஆடித் தொடக்கமும். அப்போது நட்ட கிழங்கு வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் வேரூன்றிவிடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் மாசியிலும் நடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் நடாதீர்கள். முளைக்கும் முன்பே அழுகல் பிடித்துவிடும்.

நடுவதற்கு முன் ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) தூளைக் கரைத்து, கிழங்குகளை அரை மணி நேரம் ஊற வைத்து, நிழலில் ஈரம் உலர விடுங்கள். பாத்தியில் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ தொழு உரமும் 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து ஒரு வாரம் ஆறவிட்டிருந்தால் நல்லது. கூம்பிய முனை மேல் நோக்கி இருக்கும்படி கிழங்கை நிறுத்தி, அதன் தலைக்கு மேல் ஓர் அங்குல மண் மட்டும் மூடுமாறு நட வேண்டும். ஆழமாக நட்டால் முளைப்பது தாமதமாகும். மேலோட்டமாக நட்டால் தண்டு சாயும். தரையில் வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டரும் இடைவெளி விடுவது வயலில் உள்ள வழக்கம். வீட்டுப் பாத்தியிலும் அதைக் குறைக்காதீர்கள். இன்று வெறுமையாகத் தெரியும் அந்த இடைவெளியில்தான் அடுத்த ஆண்டுக்கான பக்கக் கிழங்குகள் பருக்க வேண்டும்.

நட்டதும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அதன் பின் முளை தெரியும் வரை, மேல் மண் காய்ந்தால் மட்டும் தெளித்தால் போதும். இந்தக் கட்டத்தில் பாசத்தால் தினமும் ஊற்றிக் கிழங்கை அழுக வைப்பவர்கள்தான் அதிகம். முளை வர இரண்டு மூன்று வாரம் ஆகும். வந்துவிட்டதா என்று விரலால் கிளறிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெளிர் நிறத்தில் இருக்கும் அந்த இளமுளை தொட்டாலே ஒடிந்துவிடும்.

முதல் தொண்ணூறு நாள்கள்

முளை வந்ததிலிருந்து தண்டு எழும்பும் வரை செடிக்கு நாம் செய்ய வேண்டியவை மூன்றே: களை எடுப்பது, தண்ணீர் விடுவது, அளவோடு உரம் வைப்பது. களையைப் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை; சம்பங்கி இலையும் புல்லும் இளமையில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் பிடுங்கும் முன் அடியைப் பாருங்கள். சம்பங்கி இலையின் அடிப்பக்கம் லேசாகச் செந்நிறம் ஓடியிருக்கும், இலை தொட்டால் சற்றே சதைப்பற்றோடு இருக்கும்.

தண்ணீரைப் பொறுத்தவரை பாத்தியில் வாரம் ஒரு முறை, கோடையில் மூன்று நாளுக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. தொட்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் ஊற்றுங்கள்.

உரத்தில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. வயலில் சம்பங்கிக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் ஹெக்டேருக்கு 200 கிலோ வீதம் சம அளவில் இடும் பரிந்துரை உண்டு. சதுர மீட்டருக்கு அது 20 கிராம் வீதம் வரும். வீட்டில் இதை எளிதாகச் செய்ய, உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 உரத்தை (மூன்று சத்தும் 19 சதவீதம் வீதம் உள்ளது) சதுர மீட்டருக்கு 25 கிராம் என்று நடும்போதும், பிறகு 30, 60, 90 ஆம் நாள்களிலும் நான்கு தவணையாகக் கொடுத்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு தவணைக்கு அரை டீஸ்பூன் போதும். நீரில் கரைத்து ஊற்றுவது பாதுகாப்பானது. மூன்று சத்துகளும் சமமாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் கிடக்கிறதே என்று யூரியாவை மட்டும் வைத்தால் தழைச்சத்து முழுவதும் இலைக்குப் போய், கிழங்கு பருக்காமல் நின்றுவிடும். வெறும் மாட்டுச் சாணக் கரைசலை வாரந்தோறும் ஊற்றுபவர்களுக்கும் பல சமயம் இதே நிலைதான்.

இரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் மாதம் ஒரு முறை தூருக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், அதோடு சிறிது வேப்பம் பிண்ணாக்கும் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம். நல்ல பலன் தரும் முறைதான். பஞ்சகவ்யம் தெளித்தால் எந்தச் செடியும் பூத்துவிடும் என்று சொல்பவர்கள், நிழலில் நிற்கும் சம்பங்கியில் அதைச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தண்டு எழும்பும்போது

நல்ல கிழங்கு நட்டிருந்தால் மூன்று மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் தண்டு தெரியும். கண்ணில் படுவதற்குச் சில நாள்கள் முன்பே கையால் அறிய முடியும். தூரின் நடுவில் இலைகள் கூம்பி நெருங்கி நிற்கும் இடத்தை இரண்டு விரல்களுக்கு இடையே மெல்லப் பிடித்துப் பாருங்கள். இலை மட்டும் என்றால் தட்டையாக அமுங்கும். உள்ளே தண்டு உருவாகியிருந்தால் உருண்டையாக, கெட்டியாக ஒரு முனை விரலில் தட்டுப்படும். ஓரிரு வாரத்தில் அந்த முனை இலைகளுக்கு மேலே எழும்பி, வெளிர் பச்சைச் செதில்களுக்குள் மொட்டுகளை ஒளித்துக்கொண்டு உயரத் தொடங்கும்.

இந்த நேரத்தில் மண் காயவே கூடாது. முளைக்கும் காலத்தில் சிக்கனமாக விட்ட தண்ணீரை இப்போது தாராளமாக விடுங்கள். தண்டு வளரும்போது வேர் ஒரு முறை வறண்டாலும் நுனி மொட்டுகள் கருகி, தண்டு பாதியில் நின்றுவிடும். இரண்டரை முதல் மூன்றடி உயரம் போகும் தண்டுக்கு, மாடியாக இருந்தால் ஒரு மூங்கில் குச்சி நட்டு, சணலால் தளர்வாக எட்டு வடிவில் கட்டிவிடுங்கள். குச்சியைக் கிழங்கின் மேல் குத்திவிடாமல் சற்றுத் தள்ளி நட வேண்டும்.

மொட்டுகள் கீழிருந்து மேலாக, இரண்டிரண்டாக விரியும். மாலைக்கும் சாமிக்கும் பறிப்பவர்கள் விரியும் பருவத்து மொட்டுகளைக் காலை எட்டு மணிக்குள் பறித்துவிடுவது நல்லது. தோவாளைக்கும் மதுரைக்கும் போகும் சம்பங்கி விடியும் முன்பே பறிக்கப்படுவதும் வெயில் ஏறினால் பூ துவண்டுவிடும் என்பதால்தான். பூச்சாடியில் வைக்க வேண்டுமானால் கீழே இரண்டு மூன்று பூக்கள் விரிந்ததும் தண்டை அடியோடு வெட்டித் தண்ணீரில் வையுங்கள். மற்றவை நாளுக்கு இரண்டாக மேல் நோக்கி விரியும். நாள்தோறும் தண்ணீரை மாற்றி, அடித்தண்டை அரை அங்குலம் நறுக்கி, கீழே வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் ஒரு வாரம் வரை தாங்கும். சம்பங்கியின் மணம் மாலைக்குப் பிறகுதான் முழுதாக எழும். படுக்கையறைச் சன்னலோரம் தொட்டியை வைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளட்டும். சிலருக்கு அந்த மணம் இரவில் தலைவலி தரும்.

வாசனைப் பூ வைத்தால் பாம்பு வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கக்கூடும். பூவின் மணத்தைத் தேடிப் பாம்பு வருவதில்லை. ஆனால் கழிக்காமல் புதர் மண்டவிட்ட எந்த ஈரமான தூரிலும் தவளையும் எலியும் ஒதுங்கும். அவற்றைத் தேடித்தான் பாம்பு வரும். தூரைக் கழித்துச் சுத்தமாக வைத்திருந்தால் பெரியவர்களின் கவலையும் தீரும், பூவும் கூடும்.

பூ முடிந்ததும் தண்டை மட்டும் அடியில் வெட்டுங்கள். இலையைத் தொடாதீர்கள். பூத்த பின் இலை அழகில்லாமல் படர்ந்து கிடக்கிறது என்று முடிச்சுப் போட்டுக் கட்டுவதும், அடியோடு அறுத்துவிடுவதும் சிலருக்கு வழக்கம். பக்கக் கிழங்குகளுக்கு உணவு அந்த இலையிலிருந்துதான் போகிறது. முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்த இலையை மட்டும் உருவி எடுத்தால் போதும். இந்த நேரத்தில் ஒரு தவணை உரம் வைத்து மண்ணை அணைத்துவிட்டால் அடுத்த சுற்றுத் தண்டு அதிகம் காக்க வைக்காது.

பூக்காத தூரை எப்படிப் பார்ப்பது

முதலில் அது எவ்வளவு காலமாக மண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். நட்டு ஓராண்டு ஆகாதது, நட்டபோது கிழங்கு சிறியதாக இருந்தது என்றால் குறை எதுவுமில்லை. அது பருத்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். பெரிய கிழங்கு நட்டும் ஐந்து மாதமாகத் தண்டு இல்லை என்றால் வெயிலைப் பாருங்கள். காலை முதல் மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, தூரின் மேல் நேராக வெயில் விழும் நேரத்தைக் கூட்டுங்கள். ஆறு மணி வரும் என்று நாம் நினைக்கும் பல இடங்களில் உண்மையில் மூன்றுதான் வரும். தொட்டியாக இருந்தால் இடம் மாற்றுவது எளிது. மாற்றிய இரண்டு மூன்று மாதத்தில் பலன் தெரியும்.

முன்பு நன்றாகப் பூத்து, இப்போது ஓய்ந்துபோன தூர் என்றால் காரணம் பெரும்பாலும் நெருக்கடி. ஒரு தாய்க் கிழங்கைச் சுற்றி ஒரே ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட சிறு கிழங்குகள் உண்டாகிவிடும். அவை ஒன்றையொன்று நெருக்கி, எதுவுமே பூக்கும் பருமனை எட்டாமல் இலையை மட்டும் தள்ளிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது இதுதான் மிகவும் செழிப்பான தூராகத் தெரியும். விரலை அடியில் விட்டுத் துழாவினால், பருமனான கிழங்கு ஒன்றும் கையில் படாமல் பொடிப்பொடியாக நெருடும். இதற்கு உரம் தீர்வாகாது. தூரின் ஒரு பக்கத்து மண்ணை மெல்ல விலக்கி, வெளிப்பக்கம் நிற்கும் பொடிக் கிழங்குகளை இலையோடு முறுக்கிப் பிரித்தெடுத்துவிட்டு, நடுவில் நான்கைந்து பெரியவற்றுக்கு இடம் கொடுங்கள். தொட்டியில் வளர்ப்பவர்கள் பூத்து முடிந்த ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இதைச் செய்தால், முழுவதும் பெயர்க்கும் வேலையை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

வெயிலும் இடமும் சரியாக இருந்து, இலை கரும்பச்சையாகத் துவண்டு நீண்டிருந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது. இரண்டு மாதம் எந்த உரமும் வைக்காமல் விடுங்கள். அதன் பின் சதுர மீட்டருக்குப் பத்து கிராம் பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்) மட்டும் வைத்துப் பாருங்கள்.

பூச்சியும் நோயும்

சம்பங்கியைப் பெரிதாகத் தொல்லை செய்பவை குறைவு. மொட்டு கோணலாகி, இலையில் வெள்ளிக் கீறல்கள் தெரிந்தால் இலைப்பேன். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் வாரம் ஒரு முறை தெளிக்கலாம். எறும்பு வரிசையாகத் தூருக்குள் போய் வருவது தெரிந்தால் இலையை விலக்கி அடியைப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும். அதற்கும் இதே கரைசலை அடி நனையும்படி ஊற்ற வேண்டும். மொட்டைத் துளைக்கும் புழுவைக் கையால் பொறுக்கி எடுப்பதே வீட்டுக்குப் போதுமானது.

கவலைப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று வேர்முடிச்சு நூற்புழு. உரமும் தண்ணீரும் இருந்தும் செடி வெளிறிக் குன்றினால் ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள்; வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். வேப்பம் பிண்ணாக்கும், ஓரங்களில் செண்டுமல்லி நடுவதும் இதை மட்டுப்படுத்தும். முற்றிய பாதிப்புள்ள தொட்டி மண்ணைச் சித்திரை வெயிலில் ஈரப்படுத்தி, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி ஒரு மாதம் வேகவைத்து எடுத்தால் மீண்டும் பயன்படுத்தலாம். மற்றொன்று மழைக்காலத்தில் வரும் அடித்தண்டு அழுகல். இலை அடியில் கழன்று கையோடு வரும்; மண்ணை ஒட்டிய இடத்தில் வெண்ணிறப் பூஞ்சை இழையும், கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரியும். அந்தத் தூரைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பக்கத்துத் தூர்களுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழு உரத்தில் கலந்து வைத்து, தண்ணீரைக் குறையுங்கள்.

தூரைப் பெயர்த்துப் பிரிப்பது

பாத்தியில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும், தொட்டியில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் முழுவதும் பெயர்த்துப் பிரிக்க வேண்டும். பங்குனிக் கடைசியோ சித்திரையோ இதற்கு ஏற்றது. அப்போது எடுத்தால் ஓய்வுக் காலம் முடிந்து ஆனி நடவுக்குக் கிழங்கு தயாராகிவிடும். தோண்டுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். நம் சமவெளியில் சம்பங்கி இலை முழுதாகக் காய்வதில்லை என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இலை மங்கி மஞ்சளோடத் தொடங்கினால் போதும். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, அடி மண்ணோடு நெம்பித் தூக்குங்கள். நெருக்கமாக வெட்டினால் நல்ல கிழங்குகள்தான் முதலில் வெட்டுப்படும்.

மண்ணை உதிர்த்து, இலையை இரண்டங்குலம் விட்டு அறுத்து, கிழங்குகளைக் கையால் பிரித்து மூன்று குவியலாக்குங்கள். 25 கிராமுக்கு மேற்பட்டவை முதல் குவியல்; இவைதான் ஆனியில் பாத்திக்குப் போக வேண்டியவை. இரண்டாம் குவியலில் உள்ள நடுத்தரக் கிழங்குகளை ஓரங்களில் நடலாம். தாமதமாகவேனும் அதே ஆண்டில் சில பூக்கும். பழைய தண்டின் அடிக்கட்டையோடு இருக்கும் தாய்க் கிழங்குகளை உரக்குழியில் சேர்த்துவிடுங்கள். மூன்றாவதான பொடிக் கிழங்குகளைத் தூக்கி எறியவும் வேண்டாம், பெரியவற்றோடு கலந்து நடவும் வேண்டாம். அகலமான ஒரு தொட்டியை அவற்றுக்கென ஒதுக்கி, இரண்டு அங்குல இடைவெளியில் நட்டு, பூவை எதிர்பார்க்காமல் ஓராண்டு வளர்த்தால் அவற்றில் ஒரு பகுதி அடுத்த ஆனிக்கு முதல் குவியலில் சேர்ந்துவிடும். நடவு வரை எல்லாவற்றையும் வெங்காய வலைப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டு, வாரம் ஒரு முறை குலுக்கிப் பார்த்து, மிருதுவானவற்றை உடனே பொறுக்கி எறியுங்கள். பாலித்தீன் பையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்க வேண்டாம்.